நாச்சிமுத்துவின் மூச்சளவு

முப்பது வருடம் நான் என்ன வேலை பார்த்தேன் என்று யாராவது கேட்டால், மனிதர்களைப் பார்த்து "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும், இன்னும்" என்று கத்தினேன் என்றுதான் சொல்லவேண்டும். திருப்பூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் நெஞ்சுநோய்ப் பிரிவில் மூச்சளவுப் பரிசோதனை செய்யும் டெக்னீஷியனாக இருந்தேன். நர்ஸ் இல்லை. ஆனாலும் வருகிறவர்களுக்கெல்லாம் நான் சிஸ்டர்தான். திருத்திப் பார்த்து முதல் வருடத்திலேயே விட்டுவிட்டேன்.

போன மாதம், இப்போது என் இடத்தில் இருக்கும் பெண் போன் செய்தாள். புது மெஷின் வந்திருக்கிறதாம். அதுவே தமிழில் ஊதச் சொல்கிறதாம், நாம் வாயைத் திறக்க வேண்டியதில்லையாம். "தொண்டை மிச்சம்" என்றேன். அவள் சிரித்துவிட்டு, "ஐ.எல்.டி. கேஸ் நீங்க நிறையப் பாத்திருப்பீங்கள்லக்கா, எழுதி வைக்கலாம்ல" என்றாள். ஆஸ்துமாக்காரர்களைத்தான் நிறையப் பார்த்தேன். அவர்களில் ஒருவர் முகமும் இப்போது நினைவில் இல்லை. நுரையீரல் இறுகிப்போகிற இந்த நோய்க்காரர்கள் குறைவு. அவர்களைத்தான் மறக்கவில்லை.

படித்தது பற்றிச் சொல்ல அதிகமில்லை. லேப் டெக்னீஷியன் படிப்பு, கோவையில் கொஞ்ச காலம் பயிற்சி, பிறகு இந்த அறை. காலையில் முதல் வேலை, மூன்று லிட்டர் காற்றுப் பிடிக்கும் பெரிய சிரிஞ்சை மெஷினில் மாட்டித் தள்ளி, மெஷினும் மூன்று லிட்டர் என்று காட்டுகிறதா என்று சரிபார்ப்பது. அது சரியில்லாவிட்டால் அன்று யாருடைய மூச்சையும் அளக்கக்கூடாது. வருகிறவரின் உயரத்தைச் செருப்பில்லாமல் அளப்பேன். முதுகு கூனியிருந்தால் இரண்டு கையையும் விரிக்கச் சொல்லி விரல்நுனிக்கு விரல்நுனி அளப்பேன். மூக்கில் கிளிப், வாயில் குழாய், உதட்டை இறுக்கி மூடச் சொல்லி, நெஞ்சு நிறைய இழுத்து ஒரே வேகத்தில் ஊதவைப்பேன். ஒன்றோடொன்று ஒத்துப்போகிற மூன்று ஊதல் கிடைக்கும்வரை விடமாட்டேன். பாதிப் பேருக்கு மூக்கில் கிளிப் மாட்டியதுமே சிரிப்பு வந்துவிடும். சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருப்பேன்.

ஆஸ்துமாக்காரருக்குக் குழாய் சுருங்கியிருக்கும்; காற்று மெதுவாக, இழுத்து இழுத்து வரும். ஐ.எல்.டி.யில் அப்படியில்லை. காற்றுப் பைகளுக்கும் ரத்தத்துக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய சவ்வு தடித்து, தழும்பாகி, நுரையீரல் விரிய மறுக்கும். குழாய் நன்றாக இருப்பதால் உள்ளே இருக்கிற கொஞ்சக் காற்று சட்டென்று வெளியே வந்துவிடும். ஊதல் தொடங்கியதும் முடிந்துவிடும். நான் 'இன்னும், இன்னும்' என்று கத்தும்போது அவர்களிடம் இன்னும் என்பதே இருக்காது.

எங்கள் டாக்டர் சுடலைமுத்து திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஆண்கள் எல்லாரையும் 'அண்ணாச்சி' என்பார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது முதலில் வேடிக்கையாக இருக்கும், பிறகு பிடித்துப்போகும். நான் எடுத்துக்கொண்டு போகும் ரிப்போர்ட்டை அவர் முதலில் தொடமாட்டார். வந்தவரின் விரலைப் பார்ப்பார், நுனி உருண்டு நகம் வளைந்திருக்கிறதா என்று. பிறகு முதுகின் அடிப்பகுதியில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். சந்தேகப்பட்டது காதில் விழுந்துவிட்டால், பிரஷர் பார்க்கும் பட்டையை எடுத்து நோயாளியின் காதருகே மெதுவாகப் பிரிப்பார்.

"இது என்ன சத்தம் அண்ணாச்சி?"

பனியன் ஊரில் இதற்கு யாரும் யோசிக்கமாட்டார்கள். "வெல்க்ரோவுங்க" என்பார்கள்.

"உங்க முதுகுல இந்தச் சத்தம்தான் கேக்கு. துவைச்சதுல சுருங்கின பனியன் மாதிரி இருக்கு உங்க நுரையீரல். ஏன் சுருங்குச்சுன்னு பாப்போம்."

அதற்குப் பிறகுதான் கேள்விகள். சம்பந்தம் பேச வந்தவர் விசாரிக்கிற மாதிரி, அவசரமே இல்லாமல் கேட்பார். இப்போது என்ன வேலை, அதற்கு முன்னால் என்ன வேலை, வீட்டில் புறா உண்டா, சுவரில் ஈரம் உண்டா, ஏர்கூலரில் தண்ணீர் எப்போது மாற்றுவீர்கள், காலையில் விரல் விறைக்கிறதா, இதயத்துக்கோ மூட்டுக்கோ நெடுநாளாகச் சாப்பிடும் மாத்திரை உண்டா. ஐ.எல்.டி. என்பது ஒரு நோயின் பெயரல்ல, பல நோய்களுக்குப் பொதுப்பெயர். காரணம் கிடைத்தால் காரணத்தை நீக்கலாம். மூட்டுவாதம் போன்ற நோயிலிருந்து வந்ததென்றால் அதற்கு மருந்து கொடுக்கலாம். எதுவும் கிடைக்காத வகையும் உண்டு.

அந்த வகையை நான் முதலில் பார்த்தது உடுமலைப்பேட்டைத் தென்னந்தோப்புக்காரர் ஒருவரிடம். எழுபது வயது தாண்டியவர். தோப்புக்குள் நடந்தால் மூச்சு வாங்குகிறது என்று மகன் கூட்டிவந்தார். எல்லாக் கேள்விக்கும் இல்லை என்றே பதில். ஸ்கேனில் நுரையீரலின் அடிப்பக்கம் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. தழும்பை மெதுவாக்கும் மாத்திரைகள் அப்போது எங்கள் கைக்கு வந்திருக்கவில்லை. எல்லாரும் கொடுத்த மாதிரி ஸ்டீராய்டோடு இன்னொரு மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்தச் சேர்க்கை இந்த வகை நோய்க்கு நன்மையைவிடக் கெடுதலே செய்கிறது என்று பிற்பாடு தெரியவந்து, உலகம் முழுக்க நிறுத்திவிட்டார்கள்.

மகன் வெளியே போயிருந்த நேரத்தில் பெரியவர் கேட்டார். "சாமி, இது வாசியாகுமுங்களா?"

"குணமாகாது அண்ணாச்சி. தழும்பு போகாது. மூச்சு முட்டாமப் பாத்துக்கிடலாம், அது என் பொறுப்பு."

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "செரீங்க. இத்தன நாளா ஒருத்தருஞ் சொல்லலீங்க" என்றார். அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் இருந்தார். வீட்டில் ஆக்சிஜன் வைத்துக்கொண்டு, தோப்பை ஒட்டிக் கட்டில் போட்டுக்கொண்டதாக மகன் சொன்னார்.

நாச்சிமுத்து வந்தது அதற்குப் பல வருடம் கழித்து. ஐம்பதைத் தொட்ட வயது, நல்ல உயரம். விவசாயக் குடும்பம். வேலம்பாளையத்தில் சின்னதாக ஒரு பிரிண்டிங் யூனிட் வைத்திருந்தார். மனைவி மரகதமும் அங்கேதான் வேலையைப் பார்த்துக்கொண்டார். வறட்டு இருமல், மாடி ஏறினால் மூச்சு. எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்ததால் ஓரிடத்தில் காசநோய் மாத்திரை மாதக்கணக்கில் கொடுத்திருந்தார்கள். சளியில் கிருமி ஒருபோதும் வந்ததில்லை. இன்னோரிடத்தில் இன்ஹேலர். எதிலும் குறையவில்லை.

அவர் ஊதிய முதல் ஊதலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் உயரத்துக்கு வரவேண்டியதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் வந்தது. அதுவும் சட்டென்று வந்து நின்றது. பிறகு காரிடாரில் ஆறு நிமிட நடை. விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்போடு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கவேண்டும். உட்கார்ந்திருந்தபோது தொண்ணூற்றாறு இருந்தது, நடக்க நடக்க எண்பத்தைந்துக்கு இறங்கியது. நிறுத்தச் சொன்னேன்.

"எனக்கு ஒன்னும் பண்ணலீங்க சிஸ்டர், இன்னொரு சுத்து போறனுங்க" என்றார், சுவரைப் பிடித்துக்கொண்டு.

டாக்டரின் விசாரணையில் முதலில் எதுவும் சிக்கவில்லை. பிரிண்டிங் என்றார், எல்லாரும் போடுகிற பிரிண்டிங்தான் என்றார். டாக்டர் வழக்கமாகக் கேட்கும் கேள்விக்கு வந்தார். "லீவுல ஊருக்குப் போனா இருமல் எப்படி இருக்கு அண்ணாச்சி?"

நாச்சிமுத்து யோசித்தார். மரகதம் சொன்னார். "தீவாளிக்கு ஆளுகளெல்லாம் ஊருக்குப் போயிட்டாங்கன்னு யூனிட்டைப் பூட்டிட்டுத் தோட்டத்துல இருந்தோமுங்க. அப்பப் பாதியாக் கொறஞ்சுதுங்க. வந்து தொறந்ததும் மறுக்கா புடிச்சுக்கிச்சு."

டாக்டர் பேனாவை மூடினார். "யூனிட்டை நான் பாக்கலாமா?"

என் வீடு வேலம்பாளையத்தில்தான் என்பதால், சந்து காட்ட என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார்.

டி-ஷர்ட்டில் வெல்வெட் மாதிரி தொட்டால் மெத்தென்று இருக்கும் பூவும் எழுத்தும் பார்த்திருப்பீர்கள். அதற்கு ஃபிளாக் பிரிண்ட் என்று பெயர். துணியில் பசையை அச்சடித்து, அதன்மேல் பொடிப்பொடியாக வெட்டிய நைலான் இழையைத் தூவி, மின்சாரத்தால் அந்த இழைகளை நட்டுக்குத்தாக நிற்கவைப்பார்கள். காய்ந்தபின் ஒட்டாத மிச்சத்தைக் கம்ப்ரசர் குழாயில் மாட்டிய ஏர்கன்னால் ஊதித் தள்ளுவார்கள். நாங்கள் போனபோது நாச்சிமுத்து அதைச் செய்து காட்டினார். ஒரே அமுக்கு. சிவப்புப் புகை மாதிரி எழுந்து அறை முழுக்க நின்றது. ஜன்னல் கம்பி, ஃபேன் இறக்கை, சாமி படத்தின் மாலை எல்லாவற்றிலும் சிவப்பு அப்பியிருந்தது. ஒடிசாக்காரப் பையன்கள் இரண்டு பேர் பிரிண்ட் டேபிளில் இருந்தார்கள். அவர்கள் ஏர்கன்னைப் பிடிப்பதில்லை. வேகம் பத்தாது என்று முதலாளியே பிடிப்பார்.

"மாஸ்க் போடமாட்டீங்களா?" என்றார் டாக்டர்.

"துண்டு கட்டிக்குவனுங்க."

காருக்கு வந்தபின் டாக்டர் என்னிடம், "வெளிநாட்டுல ஃபிளாக் பேக்டரில வேலை பாத்தவங்களுக்கு இப்படி வந்ததுன்னு படிச்சிருக்கேன் மல்லிகா. இப்பத்தான் பாக்கேன்" என்றார். ஆனால் அதோடு முடிவு கட்டிவிடவில்லை. கோவையில் நுண்ணிய சி.டி. ஸ்கேன், டியூபை விட்டு நுரையீரலிலிருந்து சின்னத் துணுக்கு, ரத்தத்தில் மூட்டுவாதச் சோதனைகள். ஸ்கேன் பார்க்கிறவர், திசு பார்க்கிறவர், இவர் மூன்று பேரும் உட்கார்ந்து பேசியபின்தான், காரணம் அந்த நைலான் தூசியே என்று சொன்னார்கள். ஒரு டாக்டர் தனியாக முடிவு செய்கிற நோய் இல்லை இது.

சிகிச்சையில் முதல் மருந்து, அந்த அறைக்குள் போகாமல் இருப்பது. அடுத்தது ஸ்டீராய்டு மாத்திரை, கூட்டிக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பது. நிமோனியாவுக்கும் ஃப்ளூவுக்கும் தடுப்பூசி. மூச்சுப் பயிற்சி, தினம் நடை. யூனிட்டில் ஏர்கன்னை நிறுத்திவிட்டு உறிஞ்சும் வேக்குவம் வைக்கவேண்டும், வேலைக்காரர்கள் யாரையும் அந்தத் தூசியில் விடக்கூடாது என்றும் டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். நாச்சிமுத்து கேட்டார்.

"நான் போகலீன்னா யூனிட்டை யாருங்க பாக்கறது?"

மரகதம்தான் பதில் சொன்னார். "நான் பாத்துக்கறேன். நீங்க தோட்டத்துல இருங்க. வேக்குவம் வாங்கிரலாமுங்க டாக்டர்."

மனைவி சொன்னபடி நாச்சிமுத்து தோட்டத்திலேயே இருந்தார். மூன்று மாதம் கழித்து வந்தபோது ஸ்டீராய்டில் முகம் உருண்டிருந்தது, சர்க்கரை ஏறியிருந்தது, ஆனால் மூச்சளவும் ஏறியிருந்தது. அடுத்த முறை இன்னும் கொஞ்சம். அவரை ஊதவைப்பது எனக்கே உற்சாகமாக இருந்தது. மூன்றாம் முறை அவர் என் அறையில் குழாயை வாயில் வைத்திருந்தபோது, வெளியே பெஞ்சில் மரகதம் இருமினார். வறட்டு இருமல், இரண்டு முறை, பிறகு அடக்கிக்கொண்ட மூன்றாவது.

டாக்டரின் அறைக் கதவு திறந்தது. நோயாளி ஒருவரைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தார்.

"இப்ப இருமினது யாரு?"

"நானுங்க. சளி புடிச்சிருச்சுங்க."

"உள்ள வாங்கம்மா. மல்லிகா, இவங்களுக்கும் எடு."

நாச்சிமுத்துவை எழுப்பிவிட்டு அதே நாற்காலியில் மரகதத்தை உட்காரவைத்தேன். வரவேண்டியதைவிடக் குறைவாக வந்தது. மோசமில்லை, ஆனால் குறைவு. அதே மாதிரி சட்டென்று நின்றது. நாச்சிமுத்துவுக்கு இத்தனை மாதத்தில், ஊதலைக் கோடாகக் காட்டும் மெஷின் திரையைப் படிக்கத் தெரிந்திருந்தது. மனைவியின் கோடு எங்கே நின்றது என்று பார்த்தார்.

"ஏம்புள்ள, வேக்குவம் வாங்கிட்டேன்னு சொன்ன?"

"வாங்குனனுங்க. அதுல ஒரு பீசுக்கு நாலு மடங்கு நேரமாகுதுங்க. ஆர்டரைக் கேட்டு ஆளு வந்து வாசல்ல நிக்கறாங்க."

"அந்தப் பசங்க அடிக்கறாங்களா?"

"டாக்டரு அவிங்கள விடக்கூடாதுன்னு சொன்னாருல்லங்க. பசங்கள அனுப்பிச்சுட்டு, கதவைச் சாத்திட்டு நானே அடிச்சனுங்க."

டாக்டர் மரகதத்தின் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். "இன்னும் லேசாத்தான் இருக்கு. இன்னைக்கே நிறுத்தினா சரியாயிரும்மா" என்றார். நாச்சிமுத்து மனைவியிடம் ஸ்கூட்டர் சாவியைக் கேட்டார். அவர் தயங்கவே, கையை நீட்டியபடியே நின்றார். வாங்கிக்கொண்டு தனியாகக் கிளம்பிப் போனார். மரகதம் எக்ஸ்ரேவுக்காகக் காத்திருந்தார். பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன்.

"என்னைத் திட்டியிருந்தாக்கூடத் தேவலீங்க சிஸ்டர்" என்றார்.

யூனிட்டுக்குப் போனவர், துணி வெட்டும் கத்தரியால் கம்ப்ரசர் குழாயைத் துண்டுதுண்டாக வெட்டிப் போட்டுவிட்டார் என்று அடுத்த முறை வந்தபோது மரகதம் சொன்னார். அன்றோடு ஃபிளாக் வேலை நின்றது. இரண்டு டேபிளில் சாதாரண பிரிண்டிங் மட்டும் வைத்துக்கொண்டார்கள். மரகதத்துக்கு மாத்திரையே தேவைப்படவில்லை. அடுத்தடுத்த சோதனைகளில் அவர் கோடு இறங்காமல் ஏறி, ஒரு வருடத்தில் நார்மலுக்கு வந்தது.

நாச்சிமுத்துவின் கோடு மட்டும் ஓரளவு ஏறியபின் நின்றது. இரண்டு வருடம் அப்படியே இருந்தது. பிறகு, தூசி பக்கமே போகாதபோதும், மெல்ல இறங்கத் தொடங்கியது. ஏற்கெனவே விழுந்த தழும்பு தானாக வளர்வது இந்த நோயில் சிலருக்கு நடப்பதுண்டு. அப்போது தழும்பை மெதுவாக்கும் மாத்திரை வந்துவிட்டது. நின்டெடனிப் என்று பெயர். குணப்படுத்தாது, சரிவின் வேகத்தைக் குறைக்கும். பேதியாகும், பசி போகும், கல்லீரலை அடிக்கடி சோதிக்கவேண்டும். பாதி நாள் தயிர்சோறு மட்டுமே சாப்பிட்டுக்கொண்டு அதை விடாமல் சாப்பிட்டார். நுரையீரல் மாற்று பற்றியும் டாக்டர் பேசினார். சென்னைக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்து வேண்டாமென்றார். வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வந்தது.

ஓடாமல் கிடந்த ஃபிளாக் மெஷினை விலைக்குக் கேட்டு, அவிநாசிபாளையத்துப் பக்கமிருந்து சம்பத் என்று ஒருவர் வந்திருந்த சமயம். நாச்சிமுத்துவுக்கு அது வழக்கமான சோதனை நாள். தோளில் சின்ன ஆக்சிஜன் சிலிண்டரோடு வந்தவர், அந்த மனிதரையும் கூட்டிவந்திருந்தார்.

"சிஸ்டர், இவரு என்ற மெஷினைக் கேக்கறாருங்க. இவரு உள்ள நின்னு பாக்கட்டுமுங்க, நான் ஊதறதை."

டாக்டரிடம் கேட்டேன். "அவரு விருப்பப்பட்டா நிக்கட்டும்" என்றார்.

நாச்சிமுத்து ஊதினார். கோடு மேலே போய் உடனே நின்றது. இருமல் பிடித்துக்கொண்டது, உதடு நீலம் பாய்ந்தது. ஆக்சிஜனை வைத்து, சரியாகும்வரை அவர் முதுகைத் தாங்கிக்கொண்டு நின்றேன். இன்னொருமுறை என்று குழாயைக் கேட்டார். அது சோதனைக்கு வேண்டியதுதான், ஆனால் அன்று அவர் எனக்காகக் கேட்கவில்லை. மூன்று முறையும் ஊதினார். சம்பத் சுவரோரம் நின்று பார்த்தார்.

"பாத்துக்கிட்டீங்களா கண்ணு?" என்றார் நாச்சிமுத்து, மூச்சு வந்தபிறகு. "மெஷின் நல்ல மெஷின். அது மேல குத்தமில்ல. கம்ப்ரசரு மட்டும் உங்களுக்கு இல்ல."

"ஏர் இல்லாம எப்படிங்கண்ணா தட்டறது?"

"வேக்குவத்துல உறிஞ்சோணும். நேரமாகும். நேரமாகும்னு சொல்லியே ஆர்டர் புடிங்க. வருசத்துக்கு ஒருக்கா ஆளுகளையெல்லாம் இங்க கூட்டியாந்து ஊதிப் பாக்கோணும். அதுக்குச் சம்மதம்னா எடுத்துட்டுப் போங்க. இல்லீன்னா காயலாங்கடைக்குப் போட்டுர்றேன்."

சம்பத் யோசித்துச் சொல்வதாகக் கிளம்பினார். ஒரு வாரம் கழித்து வந்து, சம்மதம் சொல்லி எடுத்துப்போனதாகக் கேள்விப்பட்டேன்.

அந்த ஐப்பசி மழையில் நாச்சிமுத்துவுக்குச் சாதாரணச் சளிக்காய்ச்சல் வந்தது. இந்த நோயில் அது சில நேரம் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் புரட்டிவிடும். வென்டிலேட்டர் வேண்டாம் என்று நல்ல நிலையில் இருந்தபோதே டாக்டரிடமும் மனைவியிடமும் பேசி முடிவுசெய்து வைத்திருந்தார். மூச்சுத்திணறலை அடக்கும் மருந்தோடு வீட்டுக்கு அனுப்பினோம். டாக்டர் இரண்டு முறை தோட்டத்துக்குப் போய்ப் பார்த்துவந்தார். மூச்சு முட்டாமல் போனார் என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

அடுத்த வருடம் தை கழிந்தபின் ஒரு வேன் வந்து நின்றது. சம்பத்தும் அவருடைய ஆட்கள் ஆறேழு பேரும் இறங்கினார்கள். தென்மாவட்டத்துப் பெண்கள் இரண்டு பேர், மற்றவர்கள் இந்தி பேசுகிறவர்கள். கூட்டிவந்தது மரகதம். "கூட்டிட்டு வர்றேன்னு சொன்னவரு மறந்தரக்கூடாதுன்னு நானே போயி ஏத்திக்கிட்டு வந்துட்டனுங்க" என்றார். ஒவ்வொருவராக ஊதவைத்தேன். மூக்கில் கிளிப் மாட்டியதும் எல்லாரும் சிரித்தார்கள். எல்லாருடைய அளவும் சரியாக இருந்தது.

நான் ஓய்வு பெறும்வரை வருடம் தவறாமல் வந்தார்கள். மரகதம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். உள்ளே யாராவது இருமினால் எட்டிப் பார்ப்பார். எல்லாரும் முடித்தபின் கடைசியாக உள்ளே வந்து, "எனக்கும் ஒருக்கா எடுத்துருங்க சிஸ்டர்" என்பார். டாக்டர் எப்போதோ தேவையில்லை என்று சொல்லிவிட்டார்; நான் எடுப்பேன். நெஞ்சு நிறைய இழுத்து, நீளமாக ஊதுவார். நூற்றுக்கு நூறு வரும். ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்தால் பார்க்கமாட்டார். மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "வேன் நிக்குதுங்க" என்று கிளம்பிவிடுவார்.